வேலை பிடித்திருக்கிறது, சம்பளமும் போதும். அப்படியிருந்தும் நான் அந்நியமாகிவிட்டவனா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மென்பொருள் நிறுவனத்தில் வேலை, சம்பளத்தில் குறையில்லை, வேலை பிடிக்கவும் செய்கிறது. ஆனால் நண்பர் ஒருவர், “முதலாளித்துவத்தில் நீயும் அந்நியமாகிவிட்டவன்தான், இயங்கியல் படித்தால் புரியும்” என்கிறார். எனக்கே தோன்றாத ஒன்றை இன்னொருவர் எப்படி என்மேல் சுமத்தலாம் என்பது உங்கள் எரிச்சல். எரிச்சல் நியாயமானது. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்நியமாதல் என்பது மனநிலையா, மனநிலையைக் கேட்காமலே சரிபார்க்கக்கூடிய நிலைமையா? இயங்கியல் (ஒன்றின் உள்ளே இருக்கும் எதிர்ப்புகளைப் பின்தொடர்ந்து அதை ஆராயும் முறை) என்ற சொல் இங்கே உண்மையில் ஏதாவது வேலை செய்கிறதா, வாதத்தில் வாயடைக்கப் போடும் சாம்பிராணிப் புகையா? முதலாவதற்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதில் பாதி உறுதி, பாதி இன்னும் தீராத வழக்கு.

குழப்பத்தில் பாதி சொல்லால் வருகிறது. “அந்நியமாக உணர்கிறேன்” என்று நாம் சொன்னால் ஒட்டாமை, தனிமை என்றுதான் பொருள். மார்க்ஸ் எழுதிய ஜெர்மனில் இரண்டு சொற்கள் மாறி மாறி வருகின்றன. என்ட்ஃப்ரெம்டுங் என்றால் தன்னுடையது தனக்கே வேற்றாளாகி நிற்பது. என்ட்டொய்ஸெருங் என்றால் தன்னிடமிருந்து வெளியே போக்குவது. சட்ட வழக்கில் சொத்தைக் கைமாற்றிக் கொடுப்பது. இந்த இரண்டாவதற்கு அருமையான சொல் ஒன்று நம் பத்திர எழுத்தர்களிடம் மிஞ்சியிருக்கிறது: பராதீனம். சொத்து பிறர் வசம் போவது என்று பொருள். வீட்டைப் பராதீனம் செய்தவர் அழுதாரா சிரித்தாரா என்று பதிவாளர் கேட்பதில்லை, கைமாறியது கைமாறியதுதான். மார்க்ஸின் அந்நியமாதலுக்கு அடித்தளம் இந்தக் கைமாற்றம். அதன்மேல் வருத்தம் வரலாம், வராமலும் போகலாம்.

கருத்து வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் 1807-இல் வெளியிட்ட பெரிய நூலில் மனம் தன்னை வெளியே பொருளாக்கி, அதை வேற்றாக எதிர்கொண்டு, பிறகு அதில் தன்னையே கண்டுகொண்டு திரும்புகிறது. அவருக்குப் பின்வந்த தத்துவவாதி ஃபாயர்பாக் 1841-இல் இதை மதத்தின் பக்கம் திருப்பினார்: மனிதர் தம் அறிவையும் அன்பையும் ஆற்றலையும் வானத்தில் ஓர் உருவமாக நிறுத்திவிட்டு, அதன்முன் தாம் சிறுத்துப்போகிறார்கள். 1844-இல் பாரிஸில், 26 வயது மார்க்ஸ் தாம் எழுதிய குறிப்புகளில் அதே அமைப்பைக் கூலி உழைப்பில் கண்டார். அவர் ஹெகலிடமிருந்து பிரியும் இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பொருளாக்குவதையும் அந்நியமாவதையும் ஹெகல் ஒன்றாக்கிவிட்டார் என்பது மார்க்ஸின் குற்றச்சாட்டு. குயவர் வனைகிறார், அவர் திறமை பானையாகி வெளியே நிற்கிறது. இது பொருளாக்கம், எந்தச் சமூகத்திலும் இருக்கும். அந்தப் பானை அவர் கையைவிட்டுப் போய், அவரையே ஆளும் சக்தியின் ஒரு பகுதியாகத் திரும்பி வந்தால் அது அந்நியமாதல். இரண்டையும் கலந்துவிட்டால் உழைப்பதே சாபம், இதற்கு விடிவே இல்லை என்ற முட்டுச்சந்தில் போய் நிற்போம். ஹங்கேரிய மார்க்சியத் தத்துவவாதி லூகாச் போன்றவரே 1923-இல் எழுதிய தம் நூலில் இந்தக் கலப்பைச் செய்துவிட்டதாக 1967-இல் ஒப்புக்கொண்டார்.

1844 குறிப்புகளில் மார்க்ஸ் நான்கு முகங்களைப் பிரிக்கிறார். உங்கள் வேலையிலேயே வைத்துப் பார்க்கலாம். முதலாவது, விளைபொருள். நீங்கள் எழுதும் நிரல் பொதுவாக எழுதிய கணத்திலேயே நிறுவனத்தின் சொத்து. பணி ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு விதி இருக்கும். விஷயம் உரிமை மாறுவதோடு முடிவதில்லை. அதிலிருந்து வரும் லாபம் மூலதனமாகி, அடுத்த ஆண்டு உங்கள் பிரிவை விரிப்பதா கலைப்பதா என்று முடிவு செய்யும் பலமாகத் திரும்பி வருகிறது. உங்கள் வேலையைத் தானியக்கமாக்கும் கருவியை நீங்களே எழுதியிருக்கவும் கூடும். இரண்டாவது, செயல். எதை முதலில் செய்வது, எவ்வளவு நேரத்தில் முடிப்பது, எந்தத் தரத்தோடு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானிப்பவர் யார்? பிழை இருப்பது தெரியும், சரிசெய்ய ஆசையும் இருக்கிறது. “வெளியீட்டுத் தேதி தள்ளிப்போகும், விட்டுவிடு” என்கிறார்கள். அந்த இடம்தான். மூன்றாவது, காட்டுங்ஸ்வேஸன், மனித இனத்துக்கே உரிய தன்மை என்று சொல்லலாம். பலரும் இதைப் பெரிய மர்மமாக்கிவிட்டார்கள். சங்கதி எளியது. தேனீயும் கூடு கட்டுகிறது. மனிதரோ கட்டுமுன் மனத்துக்குள் கட்டிப் பார்க்கிறார்கள், எதற்குக் கட்டவேண்டும் என்று கேட்கிறார்கள், தேவை தீர்ந்த பிறகும் அழகுக்காகக் கட்டுகிறார்கள். அந்த ஆற்றல் பிழைப்புக்கான வெறும் வழியாகச் சுருங்குவது மூன்றாம் முகம். நான்காவது, மற்ற மனிதர்கள். பக்கத்து மேசைக்காரர் உங்களுக்குக் கற்றுத்தருபவர். ஆண்டு மதிப்பீடு வந்தால் அவரே போட்டியாளர்.

இதில் உணர்ச்சிக்கு என்ன இடம்? குறிப்புகளில் உணர்ச்சி நிறையவே பேசப்படுகிறது. வேலைக்கு வெளியே இருக்கும்போதுதான் தொழிலாளி தானாக இருக்கிறார் என்றெல்லாம் வரும். அதை மட்டும் படித்தவர்கள்தான் ‘அந்நியமாதல் என்றால் வேலை வெறுப்பு’ என்று பரப்பினார்கள். ஆனால் 1845-இல் தம் தோழர் ஏங்கெல்ஸோடு சேர்ந்து வெளியிட்ட ‘புனிதக் குடும்பம்’ நூலில் மார்க்ஸ் தெளிவாக ஒன்று சொல்கிறார்: உடைமையுள்ள வர்க்கமும் தொழிலாளி வர்க்கமும் ஒரே அந்நியமாதலில்தான் இருக்கின்றன; முன்னது அதில் சௌகரியமாக, தன் பலத்தை உறுதிசெய்துகொண்டு இருக்கிறது. அதாவது அந்நியமாகியும் நிம்மதியாக இருக்க முடியும் என்பது கோட்பாட்டுக்குள்ளேயே உண்டு. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. நடப்பில் பார்க்க வேண்டுமானால் ஃபோர்டு ஆலை. 1913-இல் ஹைலேண்ட் பார்க்கில் நகரும் பொருத்துவரிசை வந்தது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்த ஏறத்தாழ 12 மணி 30 நிமிடம் ஆகிவந்தது, விரைவில் 1 மணி 33 நிமிடமாகச் சுருங்கியது. அதே ஆண்டு ஆட்கள் விலகும் விகிதம் 370 சதவீதம். 100 இடங்களை நிரப்பியே வைத்திருக்க ஓராண்டில் 370 பேரை எடுக்கவேண்டிய நிலை. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர், 8 மணி நேரம் என்று அறிவித்ததும் வாசலில் கூட்டம் அலைமோதியது, விலகுவதும் வெகுவாகக் குறைந்தது. கூலி கூடியது, மனநிலையும் மாறியது. வரிசையின் வேகத்தை யார் வைப்பது என்பது மட்டும் மாறவில்லை. கூலி உயர்வு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்; மனநிலை ஒரு கணக்கு, நிலைமை வேறொரு கணக்கு.

இனி இயங்கியல். ‘கருத்து, எதிர்க்கருத்து, இரண்டின் இணைப்பு’ என்று உங்கள் நண்பர் மூன்று படி போட்டு விளக்கினால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் சொற்கள் ஹெகலுக்கு முந்திய தத்துவவாதி ஃபிக்டேவுடையவை. ஹெகலின் முறையே அதுதான் என்ற எண்ணம் பரவியதில் 1837-இல் விளக்கநூல் எழுதிய ஹைன்ரிஷ் கலிபேயஸுக்குப் பெரும் பங்கு உண்டு. மார்க்ஸ் 1847-இல் பிரெஞ்சு சோஷலிஸ்ட் புரூதோனைக் கேலி செய்யும்போதுதான் அந்த மூன்று படியை எடுத்து விளையாடுகிறார்.

நடைமுறையில் இயங்கியல் ஆய்வு இப்படி நடக்கும். ஓர் அமைப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை முதலில் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்: சந்தையில் இருவரும் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள், தத்தம் உடைமையைச் சம மதிப்புக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ‘எல்லாம் ஏமாற்று’ என்று தொடங்கினால் ஆய்வு வாசலிலேயே செத்துவிடும். அது வெறும் வசை. அடுத்து, அந்த விதிகளில் ஒன்றுகூட மீறப்படாமல் எல்லாம் நடந்தால் என்ன விளையும் என்று பின்தொடர வேண்டும். 1867-இல் வந்த ‘மூலதனம்’ முதல் தொகுதி செய்வது இதைத்தான். தொழிலாளி விற்பது உழைப்பை என்று நினைக்கிறோம். அவர் விற்பது உழைப்புச் சக்தியை, அதாவது குறிப்பிட்ட நேரம் உழைக்கும் திறனை. அதன் முழு விலையும் கொடுக்கப்படுகிறது. வாங்கியவர் அதைப் பயன்படுத்தும்போது அது தன் விலையைவிடக் கூடுதல் மதிப்பை உண்டாக்குகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சமப் பரிமாற்றத்தின் வயிற்றிலிருந்தே சமமின்மை பிறக்கிறது. மூன்றாவதாக, இந்த விளைவு தொடங்கிய நிலையைத் திரும்ப உண்டாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரு பக்கம் மூலதனம் பருத்திருக்கிறது. மறுபக்கம், அடுத்த மாதமும் தன் சக்தியை விற்றால்தான் ஆகும் என்ற நிலையில் அதே ஆள் நிற்கிறார். அந்தப் பருமன் அவருடைய உழைப்பே. நான்கு முகங்களில் முதலாவதாகச் சொன்னது இங்கே உணர்ச்சிப் பேச்சிலிருந்து கணக்குக்கு வந்துவிடுகிறது.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். வேலைநாள் 8 மணி. கூலியைக் கொண்டு தொழிலாளி வாங்கும் பொருட்களை உண்டாக்க 3 மணி உழைப்பு தேவை என்று வையுங்கள். மீதி 5 மணி உபரி. உபரி மதிப்பு விகிதம் 5/3, சுமார் 167 சதவீதம். இப்போது அந்தப் பொருட்களைச் செய்யும் துறைகளில் உற்பத்தித்திறன் இரட்டிப்பாகிறது. அதே பொருட்களுக்கு 1.5 மணி போதும். தொழிற்சங்கம் போராடி, வாங்கும் பொருட்களின் அளவில் கூலியை 50 சதவீதம் உயர்த்திவிடுகிறது. பெரிய வெற்றிதான். அந்தக் கூலிக்கு இப்போது 2.25 மணி, உபரி 5.75 மணி, விகிதம் சுமார் 256 சதவீதம். வீட்டுக்கு வரும் பொருள் ஒன்றரை மடங்கு. தன் உழைப்பில் தன்னிடம் திரும்பும் பங்கோ 8-இல் 3 என்பதிலிருந்து 8-இல் 2.25-க்கு இறங்கிவிட்டது. வாழ்க்கை மேம்பட்டதும் மெய், தன்னை ஆளும் சக்தியைத் தானே முன்னைவிட வேகமாக வளர்த்ததும் மெய். ‘முன்னேறியிருக்கிறோமே’ என்பவரும் ‘சுரண்டல் கூடிவிட்டதே’ என்பவரும் ஒரே பேரேட்டில் ஆளுக்கொரு பத்தியைப் படித்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள். நீங்களும் உங்கள் நண்பரும் செய்வது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஹெகலின் முக்கிய வினைச்சொல்லான அவுஃப்ஹேபன் பற்றி ஒரு வார்த்தை. நீக்குதல், காத்துவைத்தல், உயர்த்துதல் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன; மொழிபெயர்ப்பாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நம் ‘எடு’ அந்த மூன்றையும் சாதாரணமாகச் செய்கிறது: சுவரொட்டியை எடுத்துவிடு, பணத்தை எடுத்துவை, குழந்தையை எடு. முதலாளித்துவத்தை மார்க்ஸ் ‘எடுக்க’ச் சொல்வது இந்த மூன்று பொருளிலும்தான். ஆயிரம் பேர் சேர்ந்து உழைக்கும் ஒழுங்கு, இயந்திரம், உலகளாவிய தொடர்பு எல்லாம் எடுத்துவைக்க வேண்டியவை. அவை உழைப்பவருக்கு வேற்றாளாக நிற்கும் உறவு எடுத்துவிட வேண்டியது. கைத்தொழில் காலத்துக்குத் திரும்புவோம் என்ற ஏக்கத்துக்கும் இந்த விமர்சனத்துக்கும் சம்பந்தமில்லை.

அடிக்கடி கெட்டுப்போகும் இன்னொரு சொல் ‘முரண்பாடு’. தர்க்கத்தில் முரண்பாடு என்றால் ஒரே கூற்றை ஒரே பொருளில் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்வது. அதை ஒருமுறை அனுமதித்துவிட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம் என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் 1940-இல் இயங்கியலைத் தாக்கினார். தாக்குதல் சரியான இடத்தில் விழவும் செய்தது. கேள்வி கேட்டவரை ‘உனக்கு இயங்கியல் புரியவில்லை’ என்று விரட்டுபவர்கள் அந்த அடிக்குத் தகுதியானவர்கள். ஆனால் மேலே போட்ட கணக்கில் அப்படிப்பட்ட முரண்பாடு எதுவும் இல்லை. ஒரே இயக்கம் ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு விளைவுகளைச் சேர்த்தே உண்டாக்குகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தனியே வெட்டி எறிய முடிவதில்லை. இந்தப் பொருளில் சொன்னால் பாப்பருக்கும் மறுப்பிருக்க நியாயமில்லை. தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதையும் விதை முளைப்பதையும் இயங்கியல் விதிக்குச் சாட்சியாக இழுப்பது ஏங்கெல்ஸிடமிருந்து வந்த பழக்கம். என் கணிப்பில் அது சமூக விமர்சனத்துக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை. எதிராளிக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறது.

எது உறுதி, எது சர்ச்சை? கூலி உழைப்பில் விளைபொருளும் வேலையின் கட்டளையும் உழைப்பவர் வசம் இல்லை என்பது ஒப்பந்தத்தைப் பார்த்தாலே தெரியும். அதற்கு மார்க்சியராக இருக்கவேண்டியதில்லை. வேலைப் பிரிவினை மனிதரை என்ன செய்யும் என்பதை பொருளியலின் முன்னோடி ஆடம் ஸ்மித்தே 1776-இல் ‘நாடுகளின் செல்வம்’ நூலில் எழுதிவிட்டார்: முதல் பகுதியில் 10 பேர் சேர்ந்து நாளுக்கு 48,000 குண்டூசி செய்வதை வியந்தவர், ஐந்தாம் பகுதியில் ஓரிரு எளிய அசைவுகளிலேயே ஆயுளைக் கழிப்பவர் அறிவு மழுங்கிப்போகிறார் என்கிறார். சர்ச்சை தொடங்குவது மூன்றாம் முகத்தில். மனிதருக்கென்று மாறாத ஒரு சாரம் இருந்தால்தான் அதை இழந்தோம் என்று பேச முடியும். ஆனால் 1845-இல் மார்க்ஸே சாரம் என்பது சமூக உறவுகளின் தொகுப்பு என்று எழுதிவிட்டார். 1844 குறிப்புகளை அவர் அச்சுக்குக் கொடுக்கவே இல்லை. முழுதாக வெளிவந்தது 1932-இல். 1965-இல் பிரெஞ்சு மார்க்சியர் அல்தூசர், இளம் மார்க்ஸின் அந்நியமாதல் பேச்சை முதிர்ந்த மார்க்ஸ் கைவிட்டுவிட்டார் என்று வாதிட்டார். நான் அந்தப் பக்கம் இல்லை. 1857–58 கையெழுத்துப் படிகளில் அதே சொற்கள் தாராளமாக வருகின்றன. ‘மூலதனம்’ முதல் அத்தியாயத்தில் வரும் பண்ட மாயையும் (மனிதர்களுக்கிடையிலான உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோன்றுவது) அதே சங்கதிதான், மனித சாரத்தைத் துணைக்கு அழைக்காமல் சொல்லப்பட்டது. ஆனாலும் அல்தூசர் எழுப்பிய கேள்வி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது பலவீனம் நான் போட்ட கணக்கிலேயே இருக்கிறது. உழைப்பு மணிகள் அப்படியே சந்தை விலையாகிவிடுவதில்லை. 1894-இல் ஏங்கெல்ஸ் வெளியிட்ட ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் மதிப்பிலிருந்து விலைக்குப் போகும் வழியைக் காட்டுகிறார். ஆனால் உற்பத்திக்குள் போகும் பொருட்களை மதிப்பிலேயே விட்டுவிட்டு, வெளியே வருபவற்றை மட்டும் விலைக்கு மாற்றுகிறார். 1896-இல் ஆஸ்திரியப் பொருளியலாளர் பேம்-பாவெர்க் மூன்றாம் தொகுதி முதல் தொகுதியையே மறுக்கிறது என்று தாக்கினார். 1907-இல் பொருளியலாளர் போர்ட்கீவிச் சமன்பாடுகளால் ஒரு திருத்தம் கொடுத்தார். விவாதம் இன்றும் ஓயவில்லை. கவனிக்கவேண்டியது, அந்தக் கணக்கு முழுதாகத் தோற்றாலும் பராதீனம் என்ற நிலைமை தோற்காது. யார் வசம் பொருள், யார் வசம் கட்டளை என்ற கேள்விக்கு மதிப்புக் கோட்பாடு தேவைப்படுவதில்லை. ‘உபரி விகிதம் இத்தனை சதவீதம்’ என்று அடித்துச் சொல்லத்தான் அது தேவை.

மூன்றாவது, ஆய்வாளர்கள் அளப்பது. 1959-இல் சமூகவியலாளர் மெல்வின் சீமன் அந்நியமாதலை இயலாமை, பொருளின்மை, நெறியின்மை, தனிமை, தன்னிலிருந்தே விலகல் என்று ஐந்தாகப் பிரித்தார். 1964-இல் ராபர்ட் பிளௌனர் அச்சு, துணி, கார், ரசாயனம் ஆகிய நான்கு தொழில்களை ஒப்பிட்டு, கார் பொருத்துவரிசையில் அது உச்சத்தில் இருப்பதாகவும் தானியங்கும் ரசாயன ஆலைகளில் தணிவதாகவும் கண்டார். பயனுள்ள ஆய்வுகள். ஆனால் அவை அளப்பது பெரும்பாலும் வேலைசெய்பவரின் அனுபவத்தை. அந்த அளவுகோலில் நீங்கள் தாழ்வாக வந்தால் அது உண்மையே. நண்பர் பேசும் விஷயத்துக்கு அது மறுப்பாகாது.

உடைமையை மாற்றிவிட்டால் தீர்ந்துவிடுமா? இந்த இடத்தில்தான் கோட்பாட்டின் ஆதரவாளர்கள் அவசரமாகப் பேச்சை மாற்றுவார்கள். 1918-இல் லெனின், வேலையை நொடிக்கணக்கில் துண்டாக்கும் டெய்லர் முறையைச் சோவியத் ஆலைகள் கற்றுப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதினார். பத்திரத்தில் பெயர் அரசின் பெயருக்கு மாறியது. இரண்டாம் முகம் இருந்த இடத்திலேயே இருந்தது. கூட்டுறவு வழியில் பார்த்தால் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956-இல் தொடங்கிய மோன்ட்ராகோன். அங்கே உறுப்பினர்களே உடைமையாளர்கள், ஒருவருக்கு ஒரு வாக்கு. முதல் இரண்டு முகங்களும் கணிசமாகத் தணிகின்றன. இருந்தும் அதன் வீட்டு உபயோகப் பொருள் பிரிவான ஃபாகோர் 2013-இல் திவாலானது. தேவை சரிந்தது, கடன் ஏறியது; சந்தையின் கட்டளைக்கு உறுப்பினர்களின் வாக்கு பதில் சொல்ல முடியவில்லை. தனி முதலாளி போன பிறகும் ஆளில்லாத முதலாளியாகச் சந்தை நிற்கிறது என்பதுதான் மார்க்ஸின் ஆழமான வாதம். அந்த இடத்தில் எதை வைப்பது என்பதற்கு அவர் விட்டுச்சென்றது சில கோடுகள், வரைபடம் இல்லை.

உங்கள் நிலைமையை நீங்களே சரிபார்க்க நாலு காரியம் போதும். பணி ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து பற்றிய விதியை எடுத்துப் படியுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதுவதும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். போன மாதம் நீங்கள் உடன்படாத மூன்று தொழில்நுட்ப முடிவுகளை எழுதி, ஒவ்வொன்றையும் கடைசியில் தீர்த்தது யார், எந்த அளவுகோலால் என்று குறியுங்கள்; ‘இதுதான் நல்ல வடிவமைப்பு’ என்பதற்காகத் தீர்ந்தவை எத்தனை, செலவுக்காகவும் தேதிக்காகவும் தீர்ந்தவை எத்தனை? நாளை வேலையை விட்டால் சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்கிடுங்கள். நிறுவனப் பங்குகள் உங்களிடம் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது அளவில் கூடிக் குறையும் விஷயம். கடைசியாக, வேலையை வேகமாக்கும் கருவி ஏதாவது உங்கள் குழுவுக்கு வந்திருந்தால், மிச்சமான மணிநேரம் எங்கே போனது என்று தேடுங்கள். எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருந்தால் உங்கள் விஷயத்தில் நண்பர் அவசரப்பட்டுவிட்டார். பணிப் பட்டியல் நீண்டிருந்தாலோ குழுவில் நாற்காலிகள் குறைந்திருந்தாலோ, அவர் சொல்ல வந்தது அதைத்தான்.